"எனக்கு ரத்தம் ஏற்றக் கூடாது" என்பவரிடம் எப்படிப் பேசுவது

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது மயக்க மருத்துவரான என் வேலை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வந்து ரத்தம் வேண்டாம் என்றால், முதலில் வாதம் பண்ணாமல் இருங்கள். ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்லும் ஆதியாகமம் 9:4, அப்போஸ்தலர் 15:29 போன்ற வசனங்கள் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, உடம்பில் ஏற்றுவதற்கும் பொருந்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1945 முதல் அவர்கள் சபை இதைச் சொல்லிவருகிறது. வேத விளக்கம் சொல்ல நாம் அங்கே போகவில்லை.

தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். கர்ப்பப்பைக் கட்டிக்காக வந்திருந்த ஒரு அம்மாவிடம் நான் எதைக் கேட்டாலும் கணவர்தான் பதில் சொன்னார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். கதவு சாத்திய பிறகும் அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. படிவத்தின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தார். அப்புறம் தணிந்த குரலில், "ரத்தம் வேண்டாம் டாக்டர், அதில் மாற்றமில்லை. ஆனால் ஆல்புமின் போட்டுக்கொள்வேன். அவருக்கு அது பிடிக்காது" என்றார். ஆல்புமின் என்பது ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம். கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். 1992-இல் இங்கிலாந்தில் ஒரு கர்ப்பிணி, தாயோடு தனியாக இருந்துவிட்டு வந்து ரத்தம் மறுத்தார். அந்த மறுப்பு அவருடைய சொந்த முடிவாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தனியாகக் கேட்டால் எல்லோரும் மனம் மாறிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். முன்னைவிட உறுதியாகச் சொல்பவர்கள்தான் அதிகம். சரி, அப்படியானால் அது அவர் முடிவு என்பதில் நமக்குச் சந்தேகம் இருக்காது.

அடுத்து, "ரத்தம்" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இவற்றைப் பொதுவாக மறுப்பார்கள். ஆல்புமின், ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள், நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஆகியவற்றை அவரவர் மனசாட்சிக்கே சபை விட்டிருக்கிறது. அறுவையின்போது வழியும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவித் திருப்பி ஏற்றும் கருவியும் அப்படித்தான். குழாய் உடம்போடு தொடர்பு அறாமல் இருந்தால் சம்மதம் என்பார் சிலர். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

நாள் இருக்கும்போதே தொடங்குங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் நரம்பு வழி இரும்புச்சத்து, தேவைப்பட்டால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின். இரண்டும் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அறுவையின்போது ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம், பரிசோதனைக்குக் குறைவாக ரத்தம் எடுக்கக் குழந்தைகளுக்கான சின்னக் குழாய்.

பிறகு அந்தக் கடினமான கேள்வி. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "ரத்தம் ஏற்றாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை வந்தாலும் இதே பதில்தானா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். எனக்கு இது இன்றுவரை பழகவில்லை. பழகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். கனடாவில் விபத்தில் நினைவிழந்த ஒரு பெண்ணின் பையில், ரத்தம் வேண்டாம் என்ற அட்டை இருந்தது. அதை அறிந்தும் மருத்துவர் ரத்தம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இருந்தும் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு தரச் சொன்ன தீர்ப்பை 1990-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவரின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே சொல்வேன். அந்த உடம்பு அவளுடையது.

குழந்தை என்றால் கதையே வேறு. பெற்றோரின் நம்பிக்கை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதற்காகக் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. நேரம் இருக்கிறது என்றால் தாமதிக்காமல் நீதிமன்றத்தை நாடுங்கள். பெற்றோரிடமும் மறைக்காமல் அதைச் சொல்லிவிடுங்கள்.

உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றும் மருத்துவர், முன்கூட்டியே வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம். மேசையில் படுக்கவைத்த பிறகு அதைச் சொல்லக் கூடாது.

அறுவை அன்று காலையில் இன்னொரு முறை, தனியாகவே கேளுங்கள். அந்த அம்மாவிடமும் கேட்டேன். தாளை வாங்கி வரிவரியாகப் படித்தார். ஆல்புமின் வரியில் போட்டிருந்த குறியின் மேலேயே பேனாவை இன்னொரு முறை அழுத்தி ஓட்டிவிட்டு, "அவரைக் கூப்பிடுங்கள், நானே சொல்லிவிடுகிறேன்" என்றார்.