அசேலியாவை ஆழமாகப் புதைக்காதீர்கள்

அசேலியா என்னும் பூப்புதர்ச் செடியை நட இலையுதிர் காலம் நல்ல பருவம். வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும். மேலே துளிர்ப்பது அடங்கிவிடுவதால் செடி வேர்விடுவதில் இறங்கும். அப்படியும் வசந்தத்தில் பூக்காமல் வாடி நிற்கும் செடிகளைத் தோண்டிப் பார்த்தால், பல நேரம் அவற்றை ஆழமாகப் புதைத்திருப்பார்கள்.

அசேலியாவுக்கு ஆழத்தில் இறங்கும் ஆணிவேர் கிடையாது. தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் மேல் 30 செ.மீ. மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் படரும், காற்றோட்டம் இல்லாவிட்டால் அழுகும். அதனால் குழியின் ஆழம் வேர்க்கட்டியின் (வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும்) உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். நட்டு முடித்ததும் வேர்க்கட்டியின் தலை தரைமட்டத்துக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. தெரிய வேண்டும். பார்க்க அரைகுறையாகத்தான் இருக்கும், போகப்போகச் செடி தானே கொஞ்சம் அமுங்கும். களிமண் நிலத்தில் ஆழமாகத் தோண்டி நல்ல மண் நிரப்புவது கெடுதல்: சுற்றியுள்ள களிமண் நீரை விடாது, மழைக்குக் குழி தொட்டியாகிவிடும். அங்கே மேடு கட்டி நடுங்கள்.

அடுத்த தவறு, தொட்டியிலிருந்து உருவி அப்படியே குழியில் வைப்பது. நர்சரிக் கலவை பெரும்பாலும் பீட்டும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) மரப்பட்டையும்தான். அது ஒருமுறை காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, ஊற்றுவதெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். முதலில் வாளி நீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி வையுங்கள். பிறகு, சுற்றிப் பின்னிக்கிடக்கும் வேர்களைக் கத்தியால் நாலு பக்கமும் மேலோட்டமாகக் கீறி, விரலால் பிரித்து விடுங்கள். கை நடுங்கும், ஆனால் கீறாவிட்டால் வேர் வெளி மண்ணுக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பருவத்தில் உரமும் வேண்டாம், கிளை கத்தரிப்பதும் வேண்டாம். நைட்ரஜன் கிடைத்தால் இளந்துளிர் விடும், முதல் உறைபனியிலேயே அது கருகும். அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கோடையிலேயே கட்டிவிடுவதால், இப்போது நறுக்கினால் பூவைத்தான் நறுக்குகிறீர்கள்.

மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 4.5 முதல் 6 வரை, அதாவது அமிலப் பக்கமாக, இருக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் ஆகாது. சிமென்ட் சுவரை ஒட்டி நட்டாலும் சுண்ணாம்பு கசிந்து, நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறலாம். மண்மேல் பரப்பும் மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டைத் தொடாமல் போடுங்கள்.

குளிர் வந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்துபவர்களும் உண்டு. இலை உதிராத ரகங்கள் குளிர்காலத்திலும் ஈரம் இழக்கும், எனவே நிலம் உறையும்வரை மண் காயாமல் பாருங்கள். நிலம் உறைய ஒரு மாதம்கூட இல்லையென்றால் அவசரப்படாமல் நடுவதை வசந்தம்வரை தள்ளிப்போடுவதே மேல்.