பழைய வீட்டில் கல்நார்: உடைப்பதற்கு முன் கண்டறிவதும் பத்திரமாக அகற்றுவதும்

பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆள் பேசுவதற்கு முன்பே, அதில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நிலையில் சும்மா இருக்கும் கல்நாரால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் தேய்க்கும்போதும் கிளம்பும் தூசிதான் ஆபத்து. அதிலுள்ள நுண்ணிழைகள் கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, உடனே இருமலும் வராது. நுரையீரலில் தங்கிவிட்ட இழைகள் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட நுரையீரல் புற்றுநோயாகவோ, நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோயான மீசோதிலியோமாவாகவோ வெளிப்படலாம். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும்.

எங்கே தேடுவது

கூரையிலும் சுவரிலும் உள்ள சிமெண்ட் ஷீட், சிமெண்ட் குழாய்கள், 9 அங்குல வினைல் தரை ஓடுகள், அவற்றுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பசை, மேற்கூரையின் பொரிபொரியான பூச்சு, வெந்நீர்க் குழாயையும் கொதிகலனையும் சுற்றிய உறை, பழைய மின்பலகையின் பின்பலகை ஆகியவற்றைப் பாருங்கள். பரணில் வெப்பத் தடுப்புக்காகக் கொட்டிய வெர்மிகுலைட் எனும் கனிமத் துகள்கள் இருந்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் கல்நார் உள்ளதாகவே நடத்துங்கள். அதில் கல்நார் சீராகக் கலந்திருக்காது என்பதால் ஒரு கைப்பிடி மாதிரி உண்மையைச் சொல்லாது.

வீடு கட்டிய ஆண்டு ஒரு துப்பு. பிரிட்டனில் 1999லும் ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலும் கனடாவில் 2018லும்தான் முழுத் தடை வந்தது. தடை வராத நாடுகளில் ஆண்டை நம்பிப் பயனில்லை. வெறும் பார்வையை எங்குமே நம்ப முடியாது. கல்நார் கலந்த ஷீட்டும் கலக்காத ஷீட்டும் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

மாதிரி எடுக்கும் முறை

தேர்ந்த ஆய்வாளரை வைத்து எடுப்பதே நல்லது. குழாய் உறை போன்ற உதிரும் பொருள் என்றால் வேறு வழியே இல்லை. மற்றவற்றை நீங்களே எடுப்பதாக இருந்தால், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டாரை வெளியே அனுப்பி, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 அல்லது பி3 வகை வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். துணி மாஸ்க்கும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் இந்த இழைகளைத் தடுக்காது. தாடி இருந்தால் நல்ல கவசமும் ஓரத்தில் கசியும், மழித்துவிட்டுத்தான் அணிய வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, எடுக்கும் இடத்தில் மென்மையாகத் தெளியுங்கள். வெறும் தண்ணீர் மேலேயே உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தால்தான் உள்ளே இறங்கும். சில நிமிடம் ஊற விட்டு, கூரான கத்தியால் அடிப்பரப்பு தெரியும் வரை எல்லா அடுக்குகளையும் சேர்த்து வெட்டியெடுங்கள். மேல் பெயின்ட்டை மட்டும் சுரண்டி அனுப்பிவிட்டு 'கல்நார் இல்லை' என்ற அறிக்கையோடு வீட்டை உடைப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. பூச்சு என்றால் ஒரு டீஸ்பூன் அளவு, ஷீட் என்றால் 2-3 செ.மீ. துண்டு போதும். ஜிப் பை ஒன்றில் போட்டு மூடி, துடைத்து, இன்னொரு பைக்குள் வைத்து, அறை, இடம், தேதி எழுதுங்கள். வெட்டிய இடத்தை ஈரத் துணியால் துடைத்து, டேப் அல்லது பெயின்ட்டால் மூடுங்கள். அடுத்த மாதிரிக்குக் கத்தியைக் கழுவாமல் போனால் முதல் மாதிரியின் இழை இரண்டாவதில் வந்து நிற்கும்.

எத்தனை மாதிரி? மேற்கூரைப் பூச்சுக்கு அமெரிக்கப் பள்ளிக் கட்டட விதிகள் 1,000 சதுர அடி வரை 3, 5,000 வரை 5, அதற்கு மேல் 7 என்கின்றன. வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல். வினைல் ஓட்டில் இழைகள் மிக நுண்ணியவை என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் 'இல்லை' என்று வந்தாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அகற்றத்தான் வேண்டுமா?

எங்கள் கருத்தில், அகற்றுவது கடைசி வழி. உடையாத வினைல் ஓட்டின் மேலேயே புதிய தரை போடலாம், கெட்டியான சிமெண்ட் ஷீட்டுக்கு பெயின்ட் பூசி விட்டுவிடலாம். கை பட்டாலே பொடியாகும் குழாய் உறை, தெளிப்புப் பூச்சு, இன்சுலேஷன் போர்டு (வெப்பத் தடுப்புப் பலகை) ஆகியவற்றை உரிமம் பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அதற்கு அறையை முழுக்க மூடி, உள்ளிருக்கும் காற்றை நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வெளியே இழுக்கும் ஏற்பாடு வேண்டும்.

சட்டம் அனுமதித்தால் நீங்களே கழற்றக்கூடியது சிமெண்ட் ஷீட்தான். அதிலும் முதல் ஆபத்து தூசி அல்ல. பழைய ஷீட் மனித எடையைத் தாங்காது, அதன் மேல் கால் வைக்கவே கூடாது. சாரத்திலோ எடையைப் பரப்பும் நடைபலகையிலோ நின்று வேலை செய்யுங்கள். காற்றடிக்கும் நாளில் தொடங்காதீர்கள். தொப்பியுள்ள, ஒருமுறை மட்டும் அணியும் உடையும் கயிறில்லாத ரப்பர் பூட்ஸும் போடுங்கள். ஷீட்டின் இரு பக்கமும் நனையுங்கள், ஆனால் உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டாம், அது மேற்பரப்பைப் பிய்த்து இழைகளைச் சிதறடிக்கும். துருப்பிடித்த போல்ட்டைத் திருக முயன்றால் ஷீட் விரியும். சுற்றிலும் நனைத்து, போல்ட் கட்டரால் தலையை வெட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரைத் தொடவே வேண்டாம். ஷீட்டை முழுசாகக் கையில் வாங்கி இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள்.

இறக்கியதை ஈரமாகவே 200 மைக்ரான் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, கல்நார் என்று பெரிதாக எழுதி, அனுமதிக்கப்பட்ட கழிவுக்கிடங்குக்கு அனுப்புங்கள். பைக்குள் நுழையவில்லை என்று ஷீட்டை உடைக்கக் கூடாது. சிதறிய துணுக்கைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் எடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் இழைகளை அடுத்த பக்கம் வழியே ஊதிவிடும்.

வேலை முடிந்ததும் உடையைத் துடைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றிக் கழிவுப் பைக்குள் போடுங்கள். முகக்கவசம் கடைசியில்தான் கழல வேண்டும், பிறகு குளியல். அந்த உடையை வீட்டில் துவைக்காதீர்கள். துவைத்துக் கொடுத்ததால் மட்டுமே நோய் வந்த குடும்பத்தினர் உண்டு.

ஒப்பந்தக்காரர் உதிரும் பொருளை அகற்றியிருந்தால், மூடிய அறையைத் திறக்கும் முன் காற்றுப் பரிசோதனை நடக்க வேண்டும். பல நாடுகளில் ஒரு மில்லிலிட்டர் காற்றுக்கு 0.01 இழை என்பதே அதற்கான எல்லை. அந்தப் பரிசோதகரை ஒப்பந்தக்காரர் அல்ல, நீங்கள் அமர்த்துங்கள்.