பழைய குவாட் பைக்: சத்தம் எங்கே, இழுப்பு எதனால்?

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உறவினர் தோப்பில் பழைய 110 சிசி குவாட் பைக் (நாலு சக்கர பைக்) ஒன்று இருக்கிறது. தேங்காய் மூட்டை ஏற்றவும், கண்மாய்க் கரையோரம் வேலியைச் சுற்றிப் பார்த்து வரவும் அதுதான் வண்டி. போன கோடையில் அதற்கு இரண்டு நோய் சேர்ந்து வந்தன. எஞ்சினில் டிக் டிக் என்று விடாத சத்தம். ஓட்டினால் ஹேண்டில்பார் இடதுபக்கம் இழுக்கிறது. எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். கடைசியில் இறக்கவே இல்லை. நான் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். நான் வீட்டுப் பின்கட்டில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் உயரம் தெரியுமல்லவா? எல்லாச் சத்தமும் மோதித் திரும்பி, எது எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. "என்னப்பா, ரைஸ் மில்லை உள்ளே கொண்டாந்துட்டியா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். மூடிய இடத்தில் புகையும் ஆபத்து.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களில் அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தாலே பாதி எஞ்சின்கள் கத்தும்.

அடுத்து, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்து காதைக் கொடுங்கள். சூடேறியபின் கேட்டால் பாதித் தடயம் போய்விடும். மேலே, வால்வு இருக்கும் தலைப்பகுதியிலிருந்து சன்னமான டிக் டிக் என்றால் டப்பெட்டைச் சந்தேகியுங்கள்; வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் கையின் முனையில் உள்ள திருகுதான் அது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒரு முறைதான் திறக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் 750 முறை. அதனால் டப்பெட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் வரும். அதே டிக் சத்தத்தோடு புஸ் புஸ் என்று காற்றும் கேட்டால், சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்துக் கேஸ்கட்டைப் பாருங்கள். அங்கே கரி படிந்திருக்கும். ஆறிய எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் அடங்கும் தட்டல் என்றால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை விடும்போது சலசலவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினும் அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரும். பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமான டொக் டொக் என்றால் அதே இடத்தில் அணைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். அது வீட்டு வேலை இல்லை, மெக்கானிக் வேலை.

இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க நீள ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். தோளில் துண்டு வேண்டாம்; வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிகிறோம்.

என் வண்டியில் டப்பெட்தான். ஹோண்டா கப் பைக்கின் எஞ்சினைப் பார்த்துச் செய்த, சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சின் இது. இரண்டு வால்விலும், வால்வுக்கும் டப்பெட் திருகுக்கும் நடுவே இடைவெளி 0.05 மி.மீ. உங்கள் எஞ்சின் வேறு என்றால் அதன் கையேட்டு அளவுதான் கணக்கு. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வால்வு மூடிகளையும் இடதுபக்கத்து ஃப்ளைவீல் மூடியையும் கழற்றுங்கள். ஃப்ளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பி, அதிலுள்ள ‘டி’ குறியை எஞ்சின் உடம்பில் உள்ள கோட்டுக்கு நேரே நிறுத்துங்கள். இப்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு மெல்ல உரசிக்கொண்டு போகும் அளவுக்கு டப்பெட் திருகைத் திருப்பி வைத்து, லாக் நட்டை முறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். முறுக்கும்போது அளவு மாறுவதுதான் இங்கே எல்லாரும் சறுக்கும் இடம். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கிவிடாதீர்கள். லேசாகச் சத்தம் போடும் டப்பெட் எவ்வளவோ மேல். இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

அப்படியே ஏர் ஃபில்டரையும் திறங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி உள்ளே போனால் பிஸ்டன், சிலிண்டர் இரண்டையும் அரைத்துத் தள்ளிவிடும். ஃபோம் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

சரி, இழுப்புக்கு வருவோம். ஹேண்டில்பார் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டை ராடைக் கழற்றும் முன் டயர் காற்றைப் பாருங்கள். குவாட் டயருக்குக் காற்று மிகக் கொஞ்சம்; பல வண்டிகளுக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ தான், சரியான அளவு டயரிலோ வண்டி ஸ்டிக்கரிலோ இருக்கும். பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் கணக்கில் 25 அடித்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டி ரப்பர் பந்து மாதிரி குதித்தது. அந்தக் கடை மீட்டரில் 10க்குக் கீழே கோடே இல்லை. குறைந்த அழுத்த கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்று வைத்தபின் பின்டயர் இரண்டின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றுவதால், ஒரு டயர் பெரிதானால் வண்டி சின்ன டயர் பக்கம் போகும். எனக்கு இழுப்பில் பாதி இங்கேயே போனது.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டையும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட், பேரிங், ஆர்ம் புஷ். இடம் வலமாகப் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் முனை. கிழிந்த ரப்பர் உறைக்குள் புழுதி புகுந்துதான் இவையும் தேய்கின்றன. தேய்ந்ததை மாற்றாமல் அலைன்மென்ட் (முன்சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்வது வீண்.

கடைசியாக அலைன்மென்ட். வண்டியை இறக்கி, ஹேண்டில்பாரை நேரே கட்டி வையுங்கள். முன்டயர்களின் நடுவில், அச்சு உயரத்தில் சாக்பீஸால் குறியிட்டு இடைவெளியை அளங்கள். வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின்னால் வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். மாற்ற வேண்டுமானால் டை ராட் இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு முனையின் லாக் நட் பெரும்பாலும் இடமரை; திறக்கவில்லை என்று மல்லுக்கட்டாமல் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ஹெல்மெட் போட்டுத் தோப்புக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் டை ராட் நட்டுகளை இன்னொரு முறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள். என் வண்டியில் ஒன்று தளர்ந்திருந்தது.