இருபது மில்லிசெகண்டில் தொலைந்த எழுத்துகள்

ஒற்றை கோர் ஏஆர்எம் போர்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருந்தேன். போர்டோடு கேபிள் வழியாகப் பேசும் சீரியல் கன்சோலில் நீளமான கட்டளையை ஒட்டினால் நடுவில் எழுத்துகள் காணாமல் போயின. இரண்டு நாள் கேபிளைத்தான் திட்டித் தீர்த்தேன், பாவம் அது.

குற்றவாளி என் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் சிப்) டிரைவர். ஓவர்ஃப்ளோ (தரவு நிரம்பி வழிவது) வரும்போதெல்லாம் இன்டரப்ட் ஹேண்ட்லர், அதாவது வன்பொருள் கூப்பிட்டதும் ஓடும் நிரல்பகுதி, சிப்பை ரீசெட் செய்து 20 மில்லிசெகண்ட் காத்திருக்கும். அதற்கு எம்டிலே(20) போட்டிருந்தேன், அதுவும் இன்டரப்டுகளை அணைக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே. எம்டிலே தூங்காது, சிபியுவைச் சும்மா சுற்றவிட்டு நேரத்தைத் தள்ளும். இன்டரப்ட் அணைந்திருப்பதால் வரும் எழுத்துகளை எடுக்க ஆளில்லை; 115200 பாட் வேகத்தில் யுஆர்ட்டின் (சீரியல் எழுத்துகளை வாங்கும் பகுதி) 16 பைட் ஃபிஃபோ வரிசை ஏறக்குறைய 1.4 மில்லிசெகண்டிலேயே நிரம்பிவிடும். அதற்கப்புறம் வந்ததெல்லாம் காற்றோடு போச்சு.

சரி, சிபியுவை விட்டுக்கொடுத்துத் தூங்கும் எம்ஸ்லீப்(20) என்று மாற்றினேன். ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ (தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் பார்க்கிறாய்) என்று லினக்ஸின் மையமான கர்னல் கத்தியது. ஸ்பின்லாக்குக்குள் தூங்கக் கூடாதே! ஹேண்ட்லரைத் தனி த்ரெடில் ஓடும் த்ரெடட் இன்டரப்டாக்கி, ஸ்பின்லாக்கைத் தூங்க விடும் பூட்டான மியூடெக்ஸாக்கிய பிறகுதான் அடங்கியது. எழுத்துகளும் முழுசாக வந்தன.

சூட்டோடு சூடாக 1 மில்லிசெகண்ட் இடைவெளிகளுக்கும் எம்ஸ்லீப்(1) போட்டேன். அளந்து பார்த்தால் 20 வரை இழுக்கிறது. அந்த கர்னலில் ஹெச்இசட் (நொடிக்கு எத்தனை டைமர் துடிப்பு) 100, அதாவது ஒரு ஜிஃபி (ஒரு துடிப்பு) 10 மில்லிசெகண்ட்; எம்ஸ்லீப் ஜிஃபிக் கணக்கில்தான் தூங்கும். அதற்குப் பதில் போட்ட யூஸ்லீப்_ரேஞ்ச்(1000, 2000), இரண்டும் மைக்ரோசெகண்ட், உயர்துல்லிய டைமரில் ஓடுவதால் சொன்ன நேரத்துக்கு எழுந்தது. ரெஜிஸ்டர் எழுதும்போது வரும் 5 மைக்ரோசெகண்டை மட்டும் எம்டிலே போலவே தூங்காமல் சுற்றும் யூடிலேயிலேயே விட்டுவிட்டேன்; அவ்வளவு சின்ன நேரத்துக்குப் படுத்து எழுவதே வீண் செலவு.