பெண் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் விளையாட்டு வழியாகத் தன்னம்பிக்கை: எறிவதிலிருந்து தொடங்குங்கள்

"உன்னால் முடியும், பயப்படாதே" என்று ஒரு பெண் பிள்ளையிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? தலையை ஆட்டுவாள், ஆனால் நம்ப மாட்டாள். அவள் மேல் தப்பில்லை. முடியும் என்பதற்கு அவளிடம் சாட்சி எதுவும் இல்லை, நம் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. போன வாரம் வரை நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்த பிடி விடாமல் நின்றவள் இந்த வாரம் கையை விட்டுவிட்டு, தண்ணீரைக் குடித்து இருமியபடியாவது எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டால், அது சாட்சி. அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதைத்தான் விளக்கினார். ஒரு காரியம் என்னால் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருத்தி செய்வதைப் பார்ப்பது, மற்றவர் தரும் ஊக்கம், தன் உடம்பின் படபடப்பைத் தானே எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கில் முதலாவதுதான் வலுவானது. நாமோ பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

பெற்றோர், கோச், ஆசிரியர், நாற்பது வயதில் முதன்முறையாக ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கப்போகிறவர் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எறிவது, பிடிப்பது, விழுவது

எந்த விளையாட்டில் சேர்ப்பது என்ற யோசனையெல்லாம் அப்புறம். முதலில் ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியே வாருங்கள். பழக்கமில்லாத பெண்கள் பலரும் எறியும்போது நெஞ்சு இலக்கைப் பார்த்தபடி நேராக நின்று முழங்கையை மட்டும் மடக்கி நீட்டுவார்கள், பந்து பத்தடி தள்ளி விழும். அதைப் பார்த்துச் சிரிக்கிற பையனைக் கூப்பிட்டு, அவன் எழுதாத கையால் எறியச் சொல்லுங்கள். அவனும் அச்சு அசலாக அப்படியேதான் எறிவான். பழகாத உடம்பு அப்படித்தான் எறியும், அதில் ஆண் பெண் கணக்கு கிடையாது. இதை அவள் கண் முன்னால் ஒருமுறை செய்து காட்டுவது ஒரு மணி நேர அறிவுரையைவிட நன்றாக வேலை செய்கிறது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, சொல்லிக்கொடுப்பது எப்படி? வலக்கைப் பழக்கம் உள்ளவள் என்றால் இடது தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்கட்டும். பந்து உள்ள கை பின்னால் போய், முழங்கை தோள் உயரத்துக்கு வரட்டும். இடது காலை இலக்கை நோக்கி ஓர் எட்டு எடுத்து வைக்கட்டும். இப்போது இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், அதன் பின்னாலேயே தோள், கடைசியில்தான் கை. பந்தை விட்ட பிறகும் கை நின்றுவிடாமல் எதிர்ப்பக்க இடுப்பு வரை இறங்கட்டும். சுவரிலிருந்து ஐந்து காலடி தள்ளி சாக்பீஸால் ஒரு கோடு போட்டு தினமும் முப்பது முறை, கை சலிக்காத அளவுக்கு. வசப்பட்டதும் கோட்டை ஓர் எட்டு பின்னால் தள்ளிப் போடுங்கள். பழைய கோட்டை மட்டும் அழிக்காதீர்கள், அது அவள் பார்வையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிடிப்பதற்கு, பெரிய மெத்தென்ற பந்தில் ஆரம்பியுங்கள், முகத்தில் படும் பயம் போகும் வரை சின்னப் பந்துக்குப் போக வேண்டாம். விழுவதையும் பயிற்சியாகவே சொல்லிக்கொடுங்கள். ஜூடோவில் எதிராளியைத் தூக்கிப் போடக் கற்றுத்தருவதற்கு முன்னால் விழத்தான் கற்றுத்தருகிறார்கள்: மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையை ஊன்றாமல், தோள் வழியாக உருளுவது. தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு மெத்தை மேல் பழகலாம். பெண் பிள்ளைகளை நாம் "பார்த்து, விழுந்துடாதே" என்று சொல்லியே வளர்த்துவிட்டோம், விழுந்து எழுந்தவளுக்குத்தான் வேகமாக ஓடத் துணிவு வரும்.

"இதெல்லாம் பெண் உடம்பு தாங்காது" என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவையுங்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள், ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஆனால் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்த ஓட்டத்தையே தூக்கிவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை அது திரும்பி வரவில்லை. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் எண் குத்திக்கொண்டு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் பாதையில் பாய்ந்து பிடித்து எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். ஸ்விட்சர் ஓடி முடித்தார். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் வந்தது. தாங்காது என்று சொன்ன காலம் முழுக்க பெண்களின் உடம்பு இதே உடம்புதான்.

குரல்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். புதிதாக விளையாட வரும் பெண்கள் ஒவ்வொரு தவறுக்கும் "சாரி" சொல்வார்கள். பந்தை விட்டால் சாரி, நன்றாக அடித்து எதிராளியால் எடுக்க முடியாமல் போனாலும் சாரி. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள், "நீ எடுப்பேன்னு நினைச்சேன்" என்பார்கள். திறமையில் ஒரு குறையும் இருக்காது. இடத்தை எடுத்துக்கொள்ளலாமா என்ற தயக்கம்தான்.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. இரண்டு பேரை நிறுத்தி நடுவில் பந்தை உயரமாகப் போடுங்கள். யார் "என்னுது!" என்று முதலில் கத்துகிறாரோ பந்து அவருக்கு, மற்றவர் விலக வேண்டும். கத்திவிட்டுப் பந்தைத் தவறவிட்டால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. கத்தாமல் பிடித்தால் அந்தப் பிடி கணக்கில் சேராது. இந்த விதியைக் கொஞ்சமும் தளர்த்தாதீர்கள். முதல் நாள் முனகல்தான் வரும், கூச்சத்தில் சிரிப்பார்கள், பரவாயில்லை. சில வாரங்களில் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். "சாரி"க்குப் பதிலாகச் சொல்ல வேறு ஒரு சொல்லைக் கொடுங்கள், "அடுத்தது" என்பது போதும். வெறுமனே சாரி சொல்லாதே என்று தடுத்தால் அதற்கும் ஒரு சாரி சொல்வார்கள்.

படபடப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேட்சுக்கு முன்னால் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கை சில்லிடுவதும் தோற்கப்போவதன் அறிகுறி என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது என்று விளக்குங்கள், உங்களுக்கும் அப்படி ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதைப் பாராட்டுவது

உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். விளையாட்டிலும் இதே கதைதான். "நீ பிறவி வீராங்கனை" என்றால் அடுத்த தோல்வியில் அந்தப் பட்டம் போய்விடும் என்ற பயம் வந்துவிடும். "இரண்டாவது செட்டில் கால் ஓய்ந்த பிறகும் பந்துக்குப் பின்னால் ஓடினாய் பார்" என்று நடந்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள். அவளுக்கே தெரியும் அது உண்மை என்று, அதனால் நம்புவாள். உடம்பைப் பற்றி, நல்லபடியாகக்கூட, பேச வேண்டாம். "ஒல்லியாகிவிட்டாயே" என்று மகிழ்ந்து சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சாப்பாட்டைக் குறைத்த பிள்ளைகள் உண்டு.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒரே ஒரு வரி: முன்பு முடியாமல் இருந்து இன்று முடிந்தது என்ன? ஒன்றும் இல்லாத நாளில் "போனேன்" என்று எழுதினால் போதும். எடை, கலோரி எதுவும் அதில் வரக்கூடாது. பரீட்சைக்கோ மேடைக்கோ பயந்து நிற்கும் நாளில் அந்த நோட்டை எடுத்து, இந்தப் பக்கத்தில் பயந்தாயே, அப்புறம் எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். மைதானத்தில் வந்த துணிச்சல் தானாக வகுப்பறைக்கு நடந்து வந்துவிடாது, நாம்தான் வழி காட்ட வேண்டும்.

விட்டுவிடும் வயது

பருவமடையும் வயதில்தான் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் விளையாட்டை விடுகிறார்கள். காரணத்தைக் கேட்டால் "பிடிக்கல" என்பார்கள். பாதி நேரம் உண்மையான காரணம் உடையும் கழிவறையும்தான். வெள்ளை நிறக் கால்சட்டையில் பீரியட்ஸ் நாளில் எவளால் பந்தை மட்டும் நினைக்க முடியும்? 2023இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே, முழுக்க வெள்ளை உடைதான் என்ற தன் விதியைத் தளர்த்தி, பாவாடைக்கு உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணியப் பெண்களை அனுமதித்தது. இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணி அதே ஆண்டு வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. உங்கள் டீமும் மாறலாம், ஒரு கூட்டம் போட்டுப் பேசினால் முடிகிற விஷயம். பயிற்சி இடத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிவறை, ஒரு பெட்டியில் நாப்கின், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை. அளவாகப் பொருந்துகிற ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான விளையாட்டுச் சாதனம், அதையும் அப்படியே சாதாரணமாக வாங்கிக் கொடுங்கள்.

முட்டியைக் கவனியுங்கள். கால்பந்து, கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களில் முட்டி எலும்புகளைப் பிணைத்து வைக்கும் ஏசிஎல் லிகமென்ட் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல், அந்தக் காயம் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும், பயத்தையும் விட்டுவிட்டுப் போகும். குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் மடங்காமல் பாதத்துக்கு நேராக இருக்கவும், சத்தமில்லாமல் மெதுவாக இறங்கவும் பழக்குங்கள். ஃபிஃபாவின் '11+' என்ற இருபது நிமிட வார்ம்அப் இதற்காகவே உருவானது, நார்வேயில் பதின்ம வயதுப் பெண் வீராங்கனைகளிடம் சோதித்தபோது காயங்கள் குறைந்தன. மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வராமல் இருந்தால் "பயிற்சியால்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம்.

கோச் விஷயத்தில் கறாராக இருங்கள். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பவர், தனியாக மெசேஜ் அனுப்புபவர், பெற்றோர் பார்க்க வரக்கூடாது என்பவர் எவ்வளவு கோப்பை வாங்கித் தந்திருந்தாலும் வேண்டாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்துகொண்டு பாலியல் வன்கொடுமை செய்த லாரி நாசருக்கு எதிராக 2018இல் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே வாய் திறந்து சொல்லியிருந்தார்கள், கேட்டவர்கள் நம்பவில்லை. உங்கள் பிள்ளை "அங்கே போகப் பிடிக்கல" என்றால் முதல் கேள்வி "ஏன் சோம்பேறித்தனம்?" என்று இருக்கக்கூடாது.

நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அவளுக்கு வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பியதும் பாதியில் விலகினார். 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினார். ஒரு சீசன் முழுக்க முயன்ற பிறகும் பிடிக்கவில்லை என்றால் விளையாட்டை மாற்றிக்கொள்ளட்டும். கூட்டத்தோடு ஆட விரும்பாதவளுக்கு ஓட்டம், நீச்சல், சுவர் ஏற்றம் என்று தனியாக ஆடும் வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

பெரியவர்களுக்கு

பண்டூரா சொன்ன இரண்டாவது வழி நினைவிருக்கிறதா, தன்னைப் போன்ற இன்னொருத்தி செய்வதைப் பார்ப்பது? ஒரு பெண் பிள்ளைக்கு அந்த இன்னொருத்தி நீங்களாக இருக்கலாம். வியர்த்து, மூச்சு வாங்கி, சரியாக வராமல் மறுபடி முயலும் அம்மாவையோ சித்தியையோ பார்ப்பது அவளுக்குப் பெரிய விஷயம். நீங்கள் உங்களுக்காகவே தொடங்கினாலும் சந்தோஷம்தான், அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எடை குறைப்பை இலக்காக வைக்காதீர்கள், தராசு நினைத்தபடி நகராது, மனம் விட்டுப்போகும். செய்ய முடிகிற ஒரு காரியத்தை இலக்காக வையுங்கள்: நிற்காமல் பத்து நிமிடம் ஓடுவது, முட்டி ஊன்றாமல் ஒரு புஷ்அப். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது, ஆனால் முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலே போதும். நாளையும் நேரத்தையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து. முடிந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஒரு நிமிடம். பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும். வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு, எந்த இடத்தில் மூச்சு முட்டி நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அந்த இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு விளக்குக் கம்பம் வரை.