கிராமத்துப் பப்பில் பசியோடு காத்திருக்காதீர்கள்

இங்கிலாந்தின் கிராமத்துப் பப்புக்குள் நுழைந்து மேசையில் அமர்ந்துவிட்டு, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தால் பொழுதுதான் போகும். பெரும்பாலான இடங்களில் நாமே எழுந்து கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். மேசை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இரண்டு நடை. அங்கே வரிசை கிடையாது. ஆனாலும் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தாளை ஆட்டிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு.

பல சமையலறைகள் மதியம் இரண்டு, இரண்டரைக்கே மூடிவிடும்; மாலை ஆறுக்குத்தான் மறுபடி அடுப்பு எரியும். மலை நடை முடித்து மூன்று மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். ஞாயிறு மதிய ரோஸ்ட்டுக்கு, அதாவது வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டுக்கு, முன்பதிவு அவசியம். அதோடு வரும் யார்க்‌ஷயர் புட்டிங் என்பதை இனிப்பென்று நினைக்காதீர்கள், குழம்பு ஊற்றிச் சாப்பிடும் மாவுப் பண்டம் அது.

ஏல் என்ற பியர் வகையைக் கேட்கும்போது கைப்பிடி பம்புகளைப் பாருங்கள். பீப்பாயிலேயே நொதித்துப் பக்குவமாகும் பியர் அதில்தான் வரும். சுமார் 12 டிகிரியில் தருவார்கள். ஐஸ் போலச் சில்லிடாததைக் குறையாக எண்ண வேண்டாம், குளிர் குறைந்தால்தான் மணம் தெரியும். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் சுவைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி. முதல் தடவை அரை பைன்ட்டே போதும், கார் ஓட்டுபவர் அதையும் தவிர்ப்பது நல்லது.