வீட்லயே பாஸ்தா சாஸ்: வேகவச்ச தண்ணிய மட்டும் கொட்டிடாதீங்க

வீட்ல சாஸ் பண்றவங்க நிறைய பேர் சொல்ற குறை ஒன்னுதான், தட்டுல போட்டதும் பாஸ்தா தனியா நிக்குது, அடியில தண்ணி தனியா ஓடுதுன்னு. சாஸ்ல என்ன போட்டீங்கன்னு கேட்டா எல்லாம் சரியாதான் போட்டிருப்பாங்க. ஆனா பாஸ்தாவ வடிகட்டும்போது அந்த கலங்கலான தண்ணி மொத்தத்தையும் சிங்க்ல கொட்டிருப்பாங்க, அங்கதான் தப்பு நடக்குது. பாஸ்தா வேகும்போது அதுல இருக்க ஸ்டார்ச் தண்ணில இறங்கும், அந்த ஸ்டார்ச்தான் எண்ணெயையும் தண்ணியையும் பிரியவிடாம பிடிச்சு வச்சு சாஸ பாஸ்தா மேல ஒட்ட வைக்கும். வடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கப் எடுத்து தனியா வச்சுக்கோங்க, எந்த சாஸ் பண்ணாலும் சரி.

முதல்ல தக்காளி சாஸ், இது கைவந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ரெண்டு பேருக்கு 200 கிராம் பாஸ்தா, நல்லா பழுத்த தக்காளி அரை கிலோ, இல்லைன்னா 400 கிராம் டின் ஒன்னு. பழுக்காத தக்காளிய விட டின் தக்காளி எவ்வளவோ மேல், பழுத்த பிறகு பறிச்சு உடனே அடைக்கிறதால அதுல ருசி இருக்கும், அதனால டின்னு வாங்க யோசிக்கவே வேணாம். ஃப்ரெஷ் தக்காளின்னா அடியில கத்தியால பிளஸ் மாதிரி லேசா கீறி, கொதிக்கிற தண்ணில அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் போட்டு எடுத்து பச்சத்தண்ணில போட்டா தோல் தானா கழண்டு வந்துரும். அப்புறம் கையாலயே பிசைஞ்சுக்கோங்க, மிக்ஸில அடிச்சா உள்ள காத்து சேந்து கலர் வெளிறிப்போயிடும்.

பூண்டு 3 பல், மெல்லிசா சீவி, ஆலிவ் ஆயில் 3 டேபிள்ஸ்பூன் ஊத்துன பேன்ல எண்ணெய் சூடாகுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, அப்புறம் அடுப்ப சின்னதா பத்த வைங்க. சூடான எண்ணெயில போட்டா வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும், ஆனா ஆறுன எண்ணெயில ஆரம்பிச்சா வாசனை மெதுவா எண்ணெய்க்குள்ள இறங்கும். பூண்ட சுத்தி சின்ன சின்ன குமிழ் வரும், வாசனை தூக்கும், ஓரம் லேசா வைக்கோல் கலருக்கு மாறும், அந்த நொடியே தக்காளிய கொட்டணும். பழுப்பாகுற வரைக்கும் விட்டீங்கன்னா கசப்பு சாஸ் முழுக்க பரவிடும், அப்புறம் என்ன போட்டாலும் எடுக்க முடியாது, நான் ஒரு தடவ ஃபோன் எடுக்கப் போய் ஒரு டின் தக்காளிய அப்படியே தூக்கிப் போட்டிருக்கேன். இப்பல்லாம் தக்காளிய திறந்து பக்கத்துல வச்சுட்டுதான் அடுப்பையே பத்த வைப்பேன்.

தக்காளி விழுந்ததும் உப்பு கொஞ்சமா போட்டு, மூடாம 20, 25 நிமிஷம் மெதுவா கொதிக்க விடுங்க. அகலமான பேன் எடுத்துக்கோங்க, அப்பதான் தண்ணி சீக்கிரம் வத்தும். எப்ப ரெடின்னு கடிகாரம் பாக்காதீங்க, கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுங்க, கோடு உடனே மூடாம ஒரு செகண்ட் நின்னுச்சுன்னா, ஓரத்துல எண்ணெய் மினுமினுன்னு பிரிஞ்சு வந்துச்சுன்னா ஆயிடுச்சு. ரொம்ப புளிக்குதா? சர்க்கரை போடுறது புளிப்ப மறைக்கத்தான் செய்யும், ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டா அந்த அமிலமே குறையும், நுரைச்சு அடங்கும், அவ்வளவுதான். சிட்டிகைக்கு மேல போனா சோப்பு மாதிரி ஒரு ருசி வந்துரும், ஜாக்கிரதை. பேசில் இலைய கடைசியில கிள்ளிப் போடுங்க.

சாஸ் கொதிக்கும்போதே பாஸ்தாக்கு தண்ணி வைங்க. ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு, அதாவது ரெண்டு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி. 200 கிராமுக்கு 2 லிட்டர்னு சொல்வாங்க, நான் ஒன்றரைதான் வைப்பேன், தண்ணி கம்மியா இருந்தா ஸ்டார்ச் கெட்டியா கிடைக்கும். தண்ணில எண்ணெய் ஊத்தாதீங்க, அது பாஸ்தா மேல படிஞ்சா சாஸ் வழுக்கிட்டு போகும், வெந்தத பச்சத்தண்ணில அலசவும் வேணாம், ஒட்ட வேண்டிய ஸ்டார்ச் எல்லாம் போயிடும். பாக்கெட்ல போட்டிருக்க நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்து நேரா சாஸ் பேன்ல போட்டு, எடுத்து வச்ச தண்ணி அரை கரண்டி ஊத்தி, தீய கூட்டி, பேன தூக்கி தூக்கி புரட்டுங்க. முதல்ல தண்ணியா தெரியும், பயப்படாதீங்க, ஒரு நிமிஷத்துல அது பளபளன்னு கெட்டியாகி ஒவ்வொரு துண்டு மேலயும் போர்த்துன மாதிரி ஒட்டும். ரொம்ப இறுகிடுச்சா, இன்னும் கொஞ்சம் தண்ணி. இந்த கடைசி ரெண்டு நிமிஷம்தான் சாஸே, மத்ததெல்லாம் அதுக்கு முன்னேற்பாடு.

இதே தண்ணிய நம்பித்தான் சீஸ் சாஸும் நிக்குது. ரோம்ல பண்ற காச்சோ எ பெப்பேங்கிற பாஸ்தால பெக்கரீனோ சீஸ், மிளகு, அந்த தண்ணி, இவ்வளவுதான் இருக்கும், க்ரீம் கிடையாது, கார்பொனாராங்கிற இன்னொரு பாஸ்தாவையும் அவங்க முட்டையும் சீஸும் வச்சுதான் பண்றாங்க. சீஸ் திரிதிரியா கட்டி புடிக்கிறதுக்கு காரணம் சூடு. அடுப்ப அணைச்சு, ஒரு நிமிஷம் ஆற விட்டு, நைஸா துருவுன சீஸ வெதுவெதுப்பான பாஸ்தா தண்ணில குழைச்சு அப்புறமா கலக்குங்க. துருவியே வர்ற பாக்கெட் சீஸ்ல ஒட்டாம இருக்க ஏதாவது மாவு தூவியிருப்பாங்க, அது சரியா உருகாது, கட்டியா வாங்கி நீங்களே துருவுங்க.

ஒயிட் சாஸ் ஈஸி. வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், மைதா 2 டேபிள்ஸ்பூன், சின்ன தீயில பச்ச வாசனை போக ரெண்டு நிமிஷம், அரை லிட்டர் பால கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விடாம கலக்கிட்டே இருங்க. ஒரு கொதி வந்தாதான் கெட்டியாகும். ஆறுனா இன்னும் இறுகும், அதனால கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே இறக்கிடுங்க. ஜாதிக்காய் துளி துருவி போட்டா வாசனையே வேற.

பெஸ்டோ அடுப்புல ஏறவே கூடாது. ஜெனோவா ஊர் சாஸ் இது, இத்தாலியன்ல இடிக்கிறதுன்னு அர்த்தம் வர்ற வார்த்தைல இருந்து வந்த பேரு, உரல்ல இடிச்சா உண்மையிலயே நல்லா இருக்கும். பேசில், பூண்டு, பைன் நட்ஸ் (கிடைக்கலைன்னா முந்திரி இல்ல வால்நட்), பார்மெசான், ஆலிவ் ஆயில். மிக்ஸின்னா விட்டு விட்டு அடிங்க, சூடேறுனா கறுத்துடும். பச்சை அப்படியே நிக்கணும்னா இலைய கொதி தண்ணில 10 செகண்ட் முக்கி ஐஸ் தண்ணில போட்டு பிழிஞ்சு அரைங்க, வாசனை கொஞ்சம் குறையும்.

கறி சாஸ் பத்தி ஒன்னே ஒன்னு சொல்றேன். இத்தாலில போலோஞா நகரத்து வர்த்தக சபைல 1982ல ராகுங்கிற அவங்க ஊர் கறி சாஸோட செய்முறைய பதிவே பண்ணி வச்சிருக்காங்க, அதுல தக்காளி கொஞ்சம்தான், பால் கூட உண்டு. நாம தக்காளில கொத்துக்கறிய மிதக்க விடுறோம். கறிய நல்லா சிவக்க வறுத்து, தக்காளிய குறைச்சு, ரெண்டு மணி நேரம் சின்ன தீயில விட்டுப் பாருங்க.

மிச்ச தக்காளி சாஸ் ஃப்ரிட்ஜ்ல 3, 4 நாள், ஃப்ரீஸர்ல 3 மாசம் நல்லாவே இருக்கும். பெஸ்டோவ ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வச்சா வேண்டியப்ப ரெண்டு கட்டி எடுத்துக்கலாம். ஆனா எண்ணெயில ஊறுன பச்சப் பூண்ட வெளிய வச்சு சேமிக்காதீங்க, காத்துப் படாத இடத்துல வளர்ற பாட்டுலினம் கிருமி அதுல விஷத்த உண்டாக்கும், பாத்தாலோ மோந்தாலோ தெரியாது. ஃப்ரிட்ஜ் சாஸ திரும்ப சூடு பண்ணும்போது வெறும் தண்ணி ஊத்தாம, அன்னைக்கு வேகவைக்கிற பாஸ்தா தண்ணியவே ஒரு கரண்டி ஊத்துங்க.